ஓட்டையப் பாத்துக்க

என் தம்பி வைரவனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் கரிச்சட்டியில்தான் தொடங்குகிறார்கள். நான் தாரில் தொடங்குகிறேன். முப்பத்திரண்டு வருடம் உயிரோடு இருந்தவன் அவன். அதில் ஒரு பின்னேரத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு பேசினால் அது அவன் கதை ஆகாது.

லிந்துலைக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அதிலும் நாங்கள் இருந்தது மேற்கணக்கு என்கிற மேல் பிரிவு. லொறி ஏறத் திணறுகிற மேட்டில், பன்னிரண்டு காம்பரா கொண்ட தகர லயம். ஒரு காம்பராவில் நான், என் கைக்குழந்தை, தம்பி வைரவன், அவன் பெண்டாட்டி சீதாலெட்சுமி. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த இடத்துக்குத் திரும்பி வந்தவள் நான். வந்த அன்று அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. காம்பராவின் நடுவில் சாக்கைத் திரையாகக் கட்டினான். "அக்கா, அந்தப் பக்கம் ஒழுகாது. அங்க படுத்துக்க" என்றான். அவ்வளவுதான்.

ஒழுகாது என்று அவன் சொன்னால் ஒழுகாது. மற்ற ஆண்களைப் போல அவனும் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினான், மண்ணைக் கிளற முள்ளுக் குத்தினான். ஆனால் பெருமழைக்கு முந்தின மாதம் அவனைக் கூரைக்கு அனுப்பிவிடுவார்கள். பாக்டரிக் கூரை, லயக் கூரை, ஆசுபத்திரிக் கூரை எல்லாவற்றுக்கும் தார் பூசுவது அவன்தான்.

தார் பூச யாருக்கும் வரும். ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. என்னை இருட்டுக் காம்பராவுக்குள் நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு அவன் மேலே ஏறிவிடுவான். கூரையில் வெளிச்சப் பொட்டு எங்கே தெரிகிறதோ அங்கே நான் கம்பு நுனியில் கட்டிய ஈர்க்கை வெளியே நீட்ட வேண்டும். அவன் அதைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டுவான். கண்டுகொண்டேன் என்று அர்த்தம். பிறகு துணியைத் திரியாகச் சுருட்டி அடைத்து, அதன்மேல் தாரை வழித்துவிடுவான். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் மிச்சம் இருக்கும்வரை இறங்க மாட்டான். சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்க மாட்டான்.

தார் அவன் நகக்கண்ணிலும் மயிர்க்காலிலும் ஏறி அங்கேயே குடியிருந்தது.

"மதினி, ஒங்க தம்பி பக்கத்துல படுத்தா ரோட்டு மேல படுத்த மாதிரி இருக்கு" என்பாள் சீதாலெட்சுமி.

"ரோட்டுல படுத்தா லொறி ஏறும்டி. எம் பக்கத்துல படுத்தா மழ கூட விழாது" என்பான் அவன்.

காருக்கு அவன் வந்தது இப்படித்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் கறுப்புக் கார் மேற்கணக்கு ரோட்டில் ஏறும்போது மதகுக் கல்லில் அடி பட்டு, தேய்த்துக்கொண்டே போய் நின்றது. டிரைவர் நல்லமுத்து அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். காரின் அடியில் இருந்த கறுப்புப் பூச்சு ஒரு முழ நீளத்துக்கு உரிந்து, வெறும் இரும்பு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் வெறும் இரும்பு ஒரு வாரம் தாங்காது. தலவாக்கலைக்குக் கொண்டுபோனால் நாலு நாள் ஆகும், அத்தனை நாள் கார் இல்லாமல் தொரையால் இருக்க முடியாது. கூரைக்குத் தார் பூசுகிறவனைக் கூப்பிடு என்று உத்தரவு வந்தது. லயத்துக்குத் தார் கேட்டால் அடுத்த வருடம் என்பார்கள். காருக்குத் தார் மறுநாளே வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்கு ரொட்டி கொண்டுபோன நான் கராஜ் வாசலில் நின்றேன். அதனால் எல்லாமே என் காதில் விழுந்தது. நல்லமுத்து அண்ணன் ஜாக்கி போட்டுக் காரைத் தூக்கி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, தம்பியை அடியில் படுக்கவைத்து வேலை சொன்னார்.

"பிஞ்சு தொங்குறத எல்லாம் சொரண்டிப்புடு. துரு இருந்தா கம்பி புருசு போட்டுத் தேய். மண்ணெண்ணெயில தொடச்சு, நல்லா காயவிட்டுச் செவப்புப் பெயின்ட் அடி. அது காஞ்சப்பறம்தான் தாரு. அவசரப்பட்டன்னு வையி, ஒம் மூஞ்சிக்குப் பூசிருவேன்."

"எம் மூஞ்சிக்கு ஏற்கனவே பூசித்தாண்ணே இருக்கு."

"வாயப் பாரு. அப்பறம், கதவுக்கு அடியில நெடுகச் சின்னச் சின்ன ஓட்டையா இருக்கும். அதப் பாத்துக்க."

"பாத்துக்கறேண்ணே."

நடந்த பேச்சு இதுதான். பின்னால் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். நான் கேட்டது இது, இதைத்தான் சொல்வேன்.

கொஞ்ச நேரம் கழித்து அடியிலிருந்து குரல் வந்தது. "அக்கா, பழைய சீலத்துணி ஏதாச்சும் இருக்கா?" நான் லயத்துக்குப் போய், கிழிந்துபோன பச்சைக்கரைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து கிழித்துக் கொடுத்தேன். எட்டு ஓட்டை இருந்ததாம். எட்டுக்கும் எட்டுத் திரி. உரிந்த இடத்தைச் சுரண்டி, துடைத்து, சிவப்புப் பெயின்ட் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, சொன்ன சொல் தவறாமல் தார் பூசினான். கதவுக்கு அடியில் நெடுக, ஓட்டை இருந்த தடமே தெரியாமல் பூசினான். தொரை குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வேலை" என்று தமிழிலேயே சொன்னார். அன்று என் தம்பி இரண்டாம் தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு கார் எங்கே உரசினாலும் அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

இரண்டு மழைக்காலம் போனது. சிங்களம் மட்டும் என்கிற சட்டம் வந்த மறுவருடம், தொரை சீமைக்குத் திரும்பப் போகிறார் என்று பேச்சு வந்தது. காரை வட்டகொடைப் பக்கத்துத் தொரை ஒருவர் வாங்குவதாக இருந்தார். வாங்குவதற்கு முன் பார்த்துவிட்டு வரும்படி, அட்டனில் கார் பட்டறை வைத்திருந்த கணேசமூர்த்தியை அனுப்பினார். பட்டறைக்காரர்களை நாங்கள் பாஸ் என்போம்.

கராஜுக்குப் பக்கத்தில்தான் கொழுந்து நிறுக்கிற மடுவம். நாங்கள் கூடையோடு வரிசையில் நின்றோம். பாஸ் திருப்புளியின் பிடியால் காரின் அடியை நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் கதவுக்கு அடியில் வந்ததும் தொப் என்று செத்துப்போனது.

"என்ன டிரைவர், கதவுக்குள்ள மீன் வளக்கிறீங்களா?" என்றார்.

திருப்புளியைத் திருப்பி முனையால் ஒரு குத்துக் குத்தினார். இரும்பு ஊறின ரொட்டி போலப் பிட்டுக்கொண்டு வந்தது. அதன் பின்னால் தண்ணீர். பழைய சாயத்தண்ணீர் மாதிரி கறுஞ்சிவப்பாக, நாற்றத்தோடு, நிற்காமல் கொட்டியது. தொரை பங்களாவிலிருந்து இறங்கி வந்து சேரும்வரை கொட்டிக்கொண்டே இருந்தது. பாஸ் ஒரு ஓட்டையைத் தோண்டி, அதிலிருந்த துணித் திரியை இழுத்து வெளியே போட்டார். மக்கிப்போயிருந்தது. ஆனாலும் பச்சைக் கரை தெரிந்தது. என் சேலை எனக்குத் தெரியாதா?

காரின் கதவுக்குக் கீழே பெட்டி மாதிரி இரும்பு ஓடுகிறது. மழையில் அதற்குள் இறங்குகிற தண்ணீர் வடிந்து போவதற்குத்தான் அந்த எட்டு ஓட்டையும். தார் விழுந்து அடைபடாமல் பார்த்துக்கொள் என்றுதான் நல்லமுத்து அண்ணன் சொல்லியிருக்கிறார். கூரையில் வளர்ந்தவனுக்கு ஓட்டையைப் பார்த்துக்கொள் என்றால் வேறு என்ன அர்த்தம்?

வைரவனை மலையிலிருந்து கூப்பிட்டு வந்து நிறுத்தினார்கள்.

"யார் அடைச்சது?" என்றார் தொரை.

"நாந்தாங்க."

"ஏன் அடைச்சது?"

"டிரைவரண்ணன் பாத்துக்கன்னு சொன்னாருங்க."

நல்லமுத்து அண்ணன் முந்திக்கொண்டார். "நா பாத்துக்கன்னுதாங்க சொன்னேன். அடைக்கச் சொல்லலீங்க."

"ஆமாங்க, அடைக்கச் சொல்லல. பாத்துக்கன்னுதான் சொன்னாரு" என்றான் என் தம்பி. அண்ணனை மாட்டிவிடக் கூடாது என்று அவன் நினைப்பு.

தொரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். தம்பையா என்று யாழ்ப்பாணத்து மனிதர். அவர் அதை இங்கிலீசில் மாற்றிச் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பின்னொரு நாள் நான் கேட்டேன். "பாக்கச் சொன்னவன் எண்டு சொன்னனான். வேற என்னத்தைச் சொல்லுறது?" என்றார்.

"பாக்கச் சொன்னது. நீ ஏன் பாக்கலே?" என்று கத்தினார் தொரை.

"பாத்தேங்க தொரை. எட்டு இருந்துச்சு."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், செத்துப்போய்விட்டாள், விடுங்கள். அந்தச் சிரிப்புதான் தொரையைச் சுட்டது. "மாசக் கடைசி. பேர் வெட்டு" என்று கிளாக்கரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பேர் வெட்டுவது என்றால் என்ன என்று இப்போது உள்ளவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். செக்ரோல் என்கிற தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் ஆண்பிள்ளையின் பேரை வெட்டினால் பெண்டாட்டியின் பேரும் கூடவே போகும். காம்பராவைவிட்டு இறங்க வேண்டும். ஒரு தோட்டத்தில் வெட்டினவனை அடுத்த தோட்டத்தில் சேர்ப்பது லேசில்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்ட மனு வேறு விசாரணையில் கிடந்தது. தோட்டத்தில் பேர் இல்லாவிட்டால் அதுவும் போச்சு. கடல் தாண்டி ஊருக்குப் போ என்பார்கள். எந்த ஊருக்கு? எங்கள் அப்பா பிறந்ததே வட்டகொடையில். சீதாலெட்சுமிக்கு அப்போது ஏழு மாதம்.

மறுநாள் காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் நான் மலைக்குப் போகாமல் ஆபீசு வாசலில் போய் நின்றேன்.

"அழுது காரியமில்லைப் பிள்ளை. போ" என்றார் கிளாக்கர்.

"நா அழுவலீங்க. தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"அவர் வேலையாய் இருக்கிறார்."

"நா நிக்கிறேங்க."

பத்தரை மணிவரை நின்றேன். நடுவில் மழை பெய்தது. அதிலும் நின்றேன். தொரை வெளியே வந்தபோது சொன்னேன்: "கெடுத்தது அவந்தாங்க. அவனே சரி பண்ணட்டும். அந்தக் காரோட அடி அவனுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. சரி பண்ணிட்டா பேர வெட்டாதீங்க. பண்ணலேன்னா நாங்களே எறங்கிப் போறோம்."

தொரை என்னைப் பார்க்கவில்லை, என் காலடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். "பத்து நாள். அடுத்த வாரம் சனிக்கிழமை பாஸ் வரும். பாஸ் நல்லது சொன்னா, பேர் இருக்கும். நான் சொன்னது சொன்னது."

அந்தப் பத்து நாளை வாங்கிக் கொடுத்தது நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணேசமூர்த்தி பாஸ் கெட்ட மனிதர் இல்லை. காரைப் பார்த்த அன்று கிளம்பும் முன்பே வைரவனைத் தனியாகக் கூப்பிட்டு வழி சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஓட்டைய எல்லாம் தொற. உள்ள இருக்குற சேற வழிச்சு எடு. இத்துப்போன எடத்த வெட்டிட்டுத் தகடு வச்சு ஆணி அடி. பழைய தார முழுசாச் சொரண்டு. மேல பாக்க நல்லாத்தானே இருக்குன்னு விட்டுறாத, அதுக்கு அடியில துரு ஓடியிருக்கும். இரும்பு வெள்ளையாத் தெரியணும். எதப் பண்ணுனாலும் ஈரத்து மேல பெயின்ட் அடிச்சிறாத தம்பி. ஈரத்த உள்ள வச்சு மூடுனா துருவுக்கு நீயே வீடு கட்டிக் குடுக்குற."

நாலு நாள் மல்லாந்து படுத்துச் சுரண்டினான். சாக்கு விரித்த சிமெண்டுத் தரை, ஆடி மாதத்துக் குளிர். தார்ச் செதிலும் துருத்தூளும் முகத்தில் கொட்டும். பின்னேரம் வந்தால் கண் இரண்டும் கொவ்வைப் பழம். விளக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சேலை நுனியால் ஒவ்வொரு தூளாக எடுப்பேன். நல்லமுத்து அண்ணன் பாக்டரியிலிருந்து கனத்த தகடு தேடிக் கொண்டுவந்து, இத்துப்போன இடங்களுக்கு வெட்டிக் கொடுத்தார். தன் சொல்லால் வந்த வினை என்று அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

"இன்னும் வெளக்கமாச் சொல்லியிருக்கலாம்டா நானு" என்றார் ஒரு நாள்.

"நானும் ஏண்ணேன்னு கேட்டிருக்கலாம்" என்றான் தம்பி.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை சிவப்புப் பெயின்ட் அடித்தான். செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், காய்ச்சின பாலின் ஆடை மாதிரி அது சுருங்கித் தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் தொட்டால் தோலாக உரிந்தது. அடியில் ஈரம். துணியால் துடைப்பான். துடைத்துக் கையெடுப்பதற்குள் இரும்பில் முத்து முத்தாக வேர்க்கும். கராஜ் பழைய குதிரைக் கொட்டில். பலகைச் சுவர், பலகைக்குப் பலகை இடைவெளி. மூட்டம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். செவ்வாய் முழுக்க, அடித்த பெயின்டையே திரும்பச் சுரண்டினான். மிச்சம் இருந்தது நாலு நாள்.

அன்று அவன் சோறு தொடவில்லை. கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தவன், எழுந்து உட்கார்ந்து, "அக்கா, காலையில கொஞ்சம் சாக்கு எடுத்துக்கிட்டு வா. கராஜ அடைச்சிருவோம்" என்றான்.

புதன்கிழமை அடைத்தோம். கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றோம். வெளிச்சம் தெரிந்த சந்துகளில் எல்லாம் சாக்குத் துண்டைத் திணித்தோம். மேலே அவன், கீழே நான். நானும்தான் அடைத்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் மிச்சம் இல்லாமல் அடைத்தோம். பிறகு பாக்டரி அடுப்பிலிருந்து கரிநெருப்பு வாரி வந்து, மூன்று சட்டியைக் காருக்கு அடியில் வைத்தான்.

நல்லமுத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "டேய், கரி எரியிற எடத்துல கதவத் தொறந்து வைக்கணும்டா. தல சுத்தும்."

"தொறந்தா மூட்டம் உள்ள வருதுண்ணே. இரும்பு வேர்க்குது."

"கொஞ்சூண்டாவது தொறந்து வையேன்."

"சனிக்கெழம தொறக்கறேண்ணே. ரெண்டு கதவையும் அகலத் தொறக்கறேன்."

பின்னேரத்துக்குள் இரும்பு காய்ந்துவிட்டது. என் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தான். அடுப்பங்கல் மாதிரி கதகதவென்று இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தான். ஆனால் லயத்துக்கு வந்ததும் தலை இடிக்கிறது என்று சுருண்டு படுத்தான். குடித்த தேத்தண்ணீரை வாந்தி எடுத்தான்.

"நாளைக்கிப் போவாதீங்க. மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள் சீதாலெட்சுமி.

நான் சொல்லவில்லை. "நாளைக்கு ஒரு நாளுதானடி. பெயின்ட் காஞ்சிட்டா முடிஞ்சிச்சு" என்றேன். அவள் என்னை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை காலையில் அவன் பெயின்ட் அடித்தான். மத்தியானம் அது காய்வதற்காகக் கரிச்சட்டி வைத்து, கரி அணையாமல் பார்க்க அவனும் உள்ளேயே இருந்து கதவைச் சாத்திக்கொண்டான். நான் கொழுந்து நிறுத்துப்போட்டுவிட்டு நாலு மணிக்குத் தேத்தண்ணீர்ப் போத்தலோடு போனேன். கதவைத் தள்ளினேன். காருக்கு வெளியே இரண்டு காலும் நீட்டியிருந்தன, ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதம். அசந்து தூங்குகிறான் என்று நினைத்தேன்.

"எந்திரிடா, தேத்தண்ணி ஆறுது" என்றேன்.

இரண்டாம் தடவை கூப்பிடுவதற்குள் எனக்கே தலை சுற்றியது. தவழ்ந்துதான் வெளியே வந்தேன். மடுவத்தில் நின்றவர்கள் என் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். நல்லமுத்து அண்ணன் கதவை அகல உதைத்துத் திறந்துவிட்டு, அவன் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். மழையில் கிடத்தினார்கள். முகத்தில் விழுந்த தண்ணீருக்கு அவன் கண் சிமிட்டவில்லை. கரிக்காற்று என்றார் தோட்டத்து மருந்துக்காரர். தூங்குகிற மாதிரி போயிருப்பான், வலி தெரிந்திருக்காது என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். இன்றைக்கும் சொல்கிறார்கள். அதை நான் ஒரு ஆறுதலாக எடுத்துக்கொண்டதில்லை.

பெயின்ட் காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அவனைப் புதைத்தோம். மண் போட்ட கையைக் கழுவிவிட்டு நல்லமுத்து அண்ணன் நேரே கராஜுக்குப் போனார். கதவு இரண்டையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காருக்கு அடியில் அவரே படுத்துத் தார் பூசினார். எட்டு ஓட்டையிலும் எட்டுத் தீக்குச்சியைச் செருகி வைத்துக்கொண்டு பூசி, பிறகு பிடுங்கினார். சனிக்கிழமை பாஸ் வந்தார். தட்டிப் பார்த்தார். நெடுக டங், டங் என்றுதான் வந்தது. கதவுக் கண்ணாடிச் சந்து வழியாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். எட்டு ஓட்டையிலும் ஒழுகி வடிந்து நின்றது.

"தம்பி நல்லாப் பண்ணியிருக்கான். எங்க ஆளு? கூப்புடுங்க" என்றார்.

"மேட்டுல பொதச்சிருக்கோம்" என்றார் நல்லமுத்து அண்ணன்.

பாஸ் வாளியைக் கீழே வைத்தார். காரை வட்டகொடைத் தொரை வாங்கிக்கொண்டார்.

எங்கள் தொரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் கிளாக்கரிடம், "அவன் வேலை முடிச்சிட்டான். பேர் வெட்டக் கூடாது" என்று சொன்னாராம். நல்ல எண்ணத்தோடு சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அதன் அர்த்தம் எங்களுக்குத் திங்கட்கிழமை காலை பெரட்டில்தான் தெரிந்தது.

கணக்கப்பிள்ளை சிவசாமி வரிசையாகப் பேர் வாசித்துக்கொண்டு வந்தார். அழகன் என்றார், இருக்கேங்க என்று குரல் வந்தது. அடுத்து, "வைரவன்" என்றார். எனக்கும் சீதாலெட்சுமிக்கும் ஒரே நேரத்தில் தலை நிமிர்ந்தது. வாசித்த பேருக்குப் பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் குறிக்க வேண்டும் என்பது வழக்கம். கணக்கப்பிள்ளையும் பொறுத்தார். மூட்டத்துக்குள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். பிறகு வரவில்லை என்று குறித்துவிட்டு, "காளியாயி" என்றார்.

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டார். புதன்கிழமையும் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை பின்வரிசையிலிருந்து எவனோ, "காருக்கு அடியில இருக்கான்" என்றான். சீதாலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் அவள் பெரட்டுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வேலை நாளும் வரவில்லை. வராவிட்டால் அவள் பேரே விழுந்துவிடும்.

"அந்தப் பேர மட்டும் விட்டுட்டு வாசிங்கய்யா" என்று கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சினேன்.

"செக்ரோலுல இருக்குற பேர நா எப்படிம்மா விடுறது? எனக்கு மட்டும் ஆசையா? கிளாக்கரையாகிட்டப் போயி கேளு."

போனேன். ஆபீசு வாசலில் அதே இடத்தில் நின்றேன்.

"ஐயா, வைரவன் பேர வெட்டிருங்க."

தம்பையா ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "விசர்க்கதை கதைக்காதை. அந்தப் பேர் இருக்குமட்டுந்தான் உங்களுக்குக் காம்பரா. அடுத்த மாதம் புதுத் தொரை வாறார். அவர் என்ன சொல்லுவாரோ, ஆருக்குத் தெரியும்?"

"காம்பராவ சீதாலெட்சுமி பேருல எழுதுங்க. எழுதிட்டு அத வெட்டுங்க."

"பொம்பிளையின்ரை பேரிலை காம்பரா எழுதின வழக்கம் இந்தத் தோட்டத்திலை இல்லை."

"இனிமே இருக்கட்டுங்க."

"போன முறையும் இப்பிடித்தான் வந்து நிண்டனீ. வெட்டாதை எண்டு."

"ஆமாங்க. இப்ப வெட்டச் சொல்லி நிக்கிறேன்."

அவர் எழுந்து தொரையின் அறைக்குள் போனார். உள்ளே இங்கிலீசில் பேச்சு நடந்தது. ஒரு தடவை தொரையின் குரல் உயர்ந்தது, பிறகு தணிந்தது. கிளாக்கர் திரும்பி வந்து, பெரிய செக்ரோல் புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"மொதல்ல காம்பராவ எழுதுங்க" என்றேன்.

எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வாசித்தார்.

"இதுல எதுங்க அவன் பேரு?"

எனக்கு எழுத்துத் தெரியாது. அவர் பேனாவின் பின்பக்கத்தால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். நான் அதன்மேல் விரலை வைத்தேன். சின்னப் பேர், என் விரலுக்குள் அடங்கிவிட்டது.

"கையை எடு பிள்ளை" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

எடுத்தேன். சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்.

மறுநாள் காலையில் சீதாலெட்சுமியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டம் இறங்கியிருந்தது. கணக்கப்பிள்ளை வாசித்தார். அழகன், இருக்கேங்க. காளியாயி, இருக்கேங்க. நடுவில் ஒன்றும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றாள். பிறகு கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "இன்னைக்கு எந்த மல மதினி?" என்றாள்.

"ஆறாம் நம்பரு" என்றேன். ஏறினோம்.